கயிற்றின் மறுமுனை

மினசோட்டா மாநிலத்தின் லேக் சிட்டி என்னும் சிற்றூரை ஒட்டி மிசிசிப்பி ஆறு ஓர் ஏரியாகவே அகன்று கிடக்கிறது. பெப்பின் ஏரி என்று அதற்குப் பெயர். பனியில் சறுக்குவதுபோல் நீரிலும் சறுக்க முடியுமா என்று 1922-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே ஓர் இளைஞர் சோதித்துப் பார்த்தார். ரால்ஃப் சாமுவேல்சன். வயது 18. பீப்பாய்ச் சட்டங்களைக் காலில் கட்டிப் பார்த்தார், தாங்கவில்லை. பனிச்சறுக்குக் கட்டைகளும் தாங்கவில்லை. பிறகு 8 அடி நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட இரண்டு பைன் பலகைகளை மரக்கடையில் வாங்கி, அம்மா துணி வெளுக்கும் கொப்பரையில் முனைகளை வேகவைத்து மேல்நோக்கி வளைத்தார். பாதத்தை நுழைக்கத் தோல் வார் அடித்தார். சன்னல் சட்டங்களில் கட்டும் கயிறு 100 அடி. அதன் நுனியில் கொல்லர் அடித்துத் தந்த இரும்பு வளையம். சகோதரர் பென் விசைப்படகை ஓட்டினார். பலமுறை விழுந்து எழுந்தபின், பலகைகளின் முனையை நீருக்கு மேல் தூக்கி உடலைப் பின்னுக்குச் சாய்த்தால் நிற்கலாம் என்பது ஜூலை 2-ஆம் தேதி அவருக்குப் பிடிபட்டது. நீர்ச்சறுக்கு என்ற விளையாட்டு பிறந்த நாளாக இன்று அதைத்தான் கொள்கிறார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பலகையைப் பற்றியே பேசுகிறார்கள். அதைவிட முக்கியமானது கயிறு. படகின் பின்னால் மனிதரை இழுக்கும் வழக்கம் சாமுவேல்சனுக்கு முன்பே இருந்தது. அக்வாபிளேன் என்ற அகலமான பலகையைப் படகோடு கட்டிவிடுவார்கள். அதன்மேல் நிற்பவர், பலகையிலேயே கட்டிய வேறொரு கயிற்றைப் பிடித்துக்கொள்வார். படகு போகும் இடத்துக்குப் பலகை போகும். பலகை போகும் இடத்துக்கு அவரும் போவார். பெப்பின் ஏரியில் கயிற்றின் நுனி மனிதரின் கைக்கு வந்தது. வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம். பலகையின் விளிம்பைச் சாய்த்து இடமோ வலமோ விலகலாம். இழுபடுபவருக்குத் தன் உடல்மேல் ஓரளவு ஆட்சி கிடைத்தது. "அவரவர் பாதுகாப்பு அவரவர் பொறுப்பு" என்று இந்த விளையாட்டுகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் கொள்கை இந்தப் பலகைக் காலத்துக்குப் பொருந்துவது. அன்று அதில் நியாயம் இருந்தது. ஆனால் பின்னால் வந்த கருவிகள் அந்த ஆட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து, கயிற்றின் மறுமுனையில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டன. ஆட்சி கைமாறியபோது பொறுப்பும் கூடவே கைமாறியிருக்க வேண்டும். அது பாதி வழியில் நின்றுபோனது.

தொடக்க காலத்தின் துணிச்சல் வியப்பானது. 1925-இல் சாமுவேல்சன், நீரில் மிதந்த குதிமேடை ஒன்றின் ஒரு பக்கத்தை நீருக்குள் தாழ்த்தி, மேலே பன்றிக்கொழுப்பைத் தடவி, அதன்மேல் சறுக்கி ஏறித் தாவினார். முதல் உலகப்போர்க் காலத்துப் பறக்கும் படகு ஒன்றின் பின்னால் மணிக்கு 80 மைல் வேகத்தில் இழுபட்டும் காட்டினார். தன் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. அதே 1925-இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஃபிரெட் வாலர் நீர்ச்சறுக்குப் பலகைக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் சினிராமா என்ற அகலத்திரைச் சினிமாவை உருவாக்கியவரும் இவரே. சாமுவேல்சன் ஏறக்குறைய மறக்கப்பட்டார். 1963-இல் லேக் சிட்டிக்கு வந்த ஒரு பத்திரிகையாளர் சுவரில் தொங்கிய அந்தப் பழைய பலகைகளைப் பார்த்து விசாரித்த பிறகுதான் அவர் பெயர் வெளியே வந்தது. 1966-இல் அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் அவரையே முன்னோடி என்று ஏற்றது. அந்த ஏரியில் கருவியைச் செய்தவரும் அவர், சோதித்தவரும் அவர், விழுந்தவரும் அவர். படகை ஓட்டியவர் உடன்பிறந்தவர். எவரும் கட்டணம் கட்டவில்லை, எவரும் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. தனிமனிதப் பொறுப்பு என்ற சொல் முழு அளவில் பொருந்தக்கூடிய இடம் அப்படிப்பட்டதுதான்.

விளையாட்டு காட்சியாக மாறியதும் அந்த நிலை மாறத் தொடங்கியது. ஃபுளோரிடாவின் விண்டர் ஹேவன் ஊரில் டிக் போப் என்பவர் 1936-இல் சைப்ரஸ் கார்டன்ஸ் என்ற பூங்காவைத் திறந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அருகிலிருந்த முகாம்களின் படைவீரர்கள் பார்க்க வந்ததையொட்டி அங்கே நீர்ச்சறுக்குக் காட்சிகள் பெரிதாக வளர்ந்தன. ஒருவர் தோளில் ஒருவராக ஏறி நிற்கும் மனிதக் கோபுரம் ஒரே படகின் பின்னால் ஏரியைச் சுற்றிவந்தது. அந்தக் கோபுரத்தின் அடியில் நிற்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், வேகத்தில் ஒரு சிறு தடுமாற்றம் வந்தால் மேலே நிற்பவர் விழுவார். அவருடைய கழுத்தும் முதுகும் ஓட்டுநரின் கையில் இருந்தன. காட்சி நடத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஓட்டுநரும் சறுக்குபவர்களோடு சேர்ந்து ஒத்திகை பார்த்தார்.

போட்டிகளில் இது எழுதப்பட்ட விதியாகவே ஆனது. அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் 1939-இல் தொடங்கியது. அதே ஆண்டில் நியூயார்க்கின் ஜோன்ஸ் கடற்கரையில் முதல் தேசியப் போட்டி நடந்தது. இன்று உலகப் போட்டிகளில் ஸ்லாலம் என்ற பிரிவு 259 மீட்டர் நீளப் பாதையில் நடக்கிறது. ஆறு மிதவைகளை வளைத்துச் சுற்றிச் செல்ல வேண்டும். ஆண்களுக்குப் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் படகின் நேரம் அளக்கப்படுகிறது. அனுமதித்த எல்லைக்கு வெளியே வேகம் போனால், தவறு படகினுடையது என்று கொண்டு சறுக்குபவருக்கு மறுவாய்ப்புத் தரும் விதி இருக்கிறது. ஓட்டுநர்களுக்குத் தனியே தகுதிச் சான்று உண்டு. இப்போது செயற்கைக்கோள் உதவியோடு வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியையும் படகில் பொருத்துகிறார்கள். உலகின் மிகச் சிறந்த சறுக்கு வீரர்கள், தங்கள் உடலை நுணுக்கமாக ஆளத் தெரிந்தவர்கள், ஆடும் இடத்தில்தான் ஓட்டுநர்மேல் இவ்வளவு கண்டிப்பு இருக்கிறது. ஒன்றுமே தெரியாத விடுமுறைக்காரர் ஏறும் படகில் இதில் கால்வாசிகூட இல்லை. கண்டிப்பு எங்கே கூடுதலாக வேண்டுமோ அங்கே குறைவாக இருக்கிறது.

போருக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகளும் மலிவான வெளிப்புற எஞ்சின்களும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டின. அமெரிக்க ஏரிகளில் படகுகள் பெருகின, மோதல்களும் பெருகின. 1958-இல் வந்த மத்தியச் சட்டம் படகுகளுக்கு எண் வழங்கவும் விபத்துகளைப் பதிவுசெய்யவும் வழிவகுத்தது. 1971-இல் வந்த படகுப் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்புத் தரத்தையும் கையில் எடுத்தது. மாநிலங்கள் இழுபடு விளையாட்டுக்கென்று தனி விதிகளை எழுதின. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளலாம். அங்கே இழுக்கும் படகில் ஓட்டுநரைத் தவிர, பின்னால் வருபவரையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் இருக்க வேண்டும். அவருக்குக் குறைந்தது 12 வயது ஆகியிருக்க வேண்டும். ஆள் நீரில் விழுந்தால் சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கொடியைத் தூக்கிப்பிடிக்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு இழுக்கக் கூடாது. சறுக்குபவரை ஏதாவது பொருள்மேல் மோதவைக்கும்படி படகையோ கயிற்றையோ இயக்குவது குற்றம். போதையில் படகை ஓட்டுவது மட்டுமல்ல, போதையில் பலகைமேல் நிற்பதும் குற்றம். இந்த விதிகளைச் சேர்த்துப் பார்த்தால், அவற்றை எழுதியவர்கள் இந்த விளையாட்டை ஒருவர் ஆடுவதாக நினைக்கவில்லை என்பது புரியும். ஓட்டுபவர், பார்த்துக்கொண்டிருப்பவர், இழுபடுபவர் என்று மூன்று பேரின் கூட்டுவேலையாகவே நினைத்தார்கள். முன்னால் பார்க்கும் ஒருவரால் பின்னாலும் பார்க்க முடியாது. நீரில் விழுந்தவரின் தலை அலைகளுக்கு நடுவே மற்றொரு படகோட்டியின் கண்ணில் படாது. இந்த இரண்டு எளிய உண்மைகளிலிருந்து அந்த இரண்டாவது ஆளும் கொடியும் வந்தன.

ஆனால் நீதிமன்றம் வேறு பாதையில் போனது. சாக்ரமெண்டோ ஆற்று டெல்டாவின் ஒரு கால்வாயில் ஒருவர் பலகை இல்லாமல் வெறுங்காலில், அதுவும் பின்புறமாகத் திரும்பியபடி சறுக்கிக்கொண்டிருந்தார். நீர்மேல் நீண்டிருந்த மரக்கிளையில் அவர் தலை மோதியது. படகை ஓட்டிய நண்பர்மேல் வழக்குப் போட்டார். 1992 ஆகஸ்டில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே நாளில் ஓர் அமெரிக்கக் கால்பந்தாட்டக் காயத்தைப் பற்றிய வழக்கிலும் இதே கொள்கையை நீதிமன்றம் நிறுவியது: ஒரு விளையாட்டோடு பிறந்த ஆபத்துகளை அதில் இறங்குபவர் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ள வேண்டும், உடன் ஆடுபவர் வேண்டுமென்றே காயப்படுத்தினாலோ வரைமுறையற்று நடந்தாலோ தவிர, வெறும் கவனக்குறைவுக்கு அவர் பொறுப்பாக மாட்டார். மோதவைப்பது குற்றம் என்று மேலே சொன்ன சட்டப்பிரிவு இருந்தும் அது சறுக்குபவருக்கு உதவவில்லை. நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு இருந்தது என்றாலும் முடிவு இதுதான். 1999-இல் அதே மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கொள்கையைக் காற்றடைத்த டியூபில் இழுபடுபவருக்கும் நீட்டித்தது.

இந்தத் தீர்ப்புக்கு ஒரு தர்க்கம் உண்டு, அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கவனக்குறைவுக்கெல்லாம் நஷ்டஈடு என்றால் நண்பருக்காகப் படகை ஓட்ட எவரும் முன்வர மாட்டார். ஓட்டினாலும் பயந்து பயந்து ஓட்டுவார். விளையாட்டின் உயிரே போய்விடும் என்று நீதிமன்றம் கருதியது. காசு வாங்காமல் உதவும் நண்பரை நீதிமன்றத்துக்கு இழுப்பதில் நமக்கும் தயக்கம் வரும். ஆனாலும் அந்தக் கால்வாயில் என்ன நடந்தது என்று யோசித்தால் தீர்ப்பின் ஓட்டை தெரிகிறது. பின்புறமாகச் சறுக்குபவர் போகும் திசையைப் பார்க்கவே முடியாது. வழியில் கிளை இருக்கிறதா, கரை நெருங்குகிறதா என்று பார்க்கும் கண் ஒன்றுதான் இருந்தது. அது படகில் இருந்தது. விழுவது நீர்ச்சறுக்கோடு பிறந்த ஆபத்து. அலையில் தடுக்குவதும் அப்படித்தான். மரக்கிளை அந்த விளையாட்டோடு பிறந்ததல்ல. படகு அதன் பக்கம் போனதால் வந்தது. கால்பந்தில் எதிரில் நிற்பவரும் நானும் ஒரே மைதானத்தில் ஒரே அளவு சுதந்திரத்தோடு ஓடுகிறோம். கயிற்றால் இணைந்த இருவரிடையே அந்தச் சமம் கிடையாது. ஒருவர் எஞ்சினை வைத்திருக்கிறார், மற்றவர் அதன் விளைவை வாங்கிக்கொள்கிறார். தெருவில் நண்பரைக் காரில் இலவசமாக ஏற்றிச்செல்பவரிடம் நாம் கவனத்தை எதிர்பார்க்கிறோம். அதனால் நண்பர்கள் காரோட்டுவதை நிறுத்திவிடவில்லை. நீரில் மட்டும் நின்றுபோகும் என்று நினைக்கக் காரணம் இல்லை.

சம்மதம் என்ற வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஏறியவர் தெரிந்துதானே ஏறினார், கையெழுத்துப் போட்டுத்தானே ஏறினார் என்று கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் எதற்குச் சம்மதித்தார்? நனைவதற்கு, தூக்கியடிக்கப்படுவதற்கு, சிராய்ப்புக்கு, நீரில் வயிறு அடிபட விழுவதற்குச் சம்மதித்தார். தான் பார்க்க முடியாத வேகத்துக்கும், தனக்குத் தெரியாத பாறைக்கும், பின்னால் திரும்பியே பார்க்காத ஓட்டுநருக்கும் எவரும் சம்மதிப்பதில்லை. தெரிந்த ஆபத்துக்குத் தந்த ஒப்புதலைத் தெரியாத ஆபத்துக்கும் நீட்டிப்பது நேர்மையான வாதம் ஆகாது.

சம்மதம் என்ற இந்த வாதம் வலுவிழந்துபோனதற்குக் கருவிகளே பெரிய சான்று. 1980-களிலிருந்து காற்றடைத்த டியூப் பரவியது. நீர்ச்சறுக்கில் எழுந்து நிற்கவே பயிற்சி வேண்டும். டியூபில் படுத்துக் கைப்பிடியைப் பிடித்தால் போதும். எட்டு வயதுக் குழந்தையும் ஏறலாம், எழுபது வயதுத் தாத்தாவும் ஏறலாம். அதனால்தான் அது பரவியது, அதில்தான் சிக்கலும் இருக்கிறது. டியூபில் கயிறு மனிதரின் கையில் இல்லை, டியூபில் கட்டப்பட்டிருக்கிறது. விளிம்பைச் சாய்த்து விலக முடியாது, நிறுத்த முடியாது. சாமுவேல்சனுக்கு முந்தைய அக்வாபிளேன் காலத்துக்கே, அதைவிடப் பல மடங்கு வலுவான எஞ்சினோடு, நாம் திரும்பிப் போய்விட்டோம். படகு சடாரென்று வளையும்போது டியூப் வெளிவட்டத்தில் வீசப்படுகிறது. அந்த நேரத்தில் அதன் வேகம் படகின் வேகத்தைவிடக் கூடுதலாகிவிடுகிறது. ஓட்டுநரின் வேகமானி ஓர் எண்ணைக் காட்டும். டியூபில் இருப்பவரின் உடல் வேறோர் எண்ணை அனுபவிக்கும். கரையோரத்தில், படகுத்துறைப் பக்கத்தில் இப்படி வளைத்தால் வெளிவட்டம் எதில் போய் முடியும் என்பதை ஓட்டுநர் மட்டுமே கணிக்க முடியும். இரண்டு மூன்று பேர் ஒரே டியூபில் இருந்தால் தலையும் தலையும் மோதிக்கொள்ளும் ஆபத்து தனி.

நீர் விளையாட்டுக் கருவிகளைத் தயாரிக்கும் தொழிலே இதை உணர்ந்து அளவுகளை வகுத்தது. டியூபை இழுக்கும்போது பெரியவர்களுக்கு மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குழந்தைகளுக்கு 15 மைல். கயிறு 50 அடிக்குக் குறையக் கூடாது, 65 அடிக்கு மேலும் போகக் கூடாது. ஒருவர் ஏறும் டியூபுக்குக் கயிறு 1,500 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும். நால்வர் என்றால் 4,100 பவுண்டு. மெல்லிய கயிற்றில் பெரிய டியூபைக் கட்டினால் அறுந்த முனை சாட்டைபோல் பாய்ந்து வரும். படகில் இருப்பவரின் கண்ணும் அதில் போகலாம். இத்தனை எண்களில் ஒன்றுகூட டியூபில் படுத்திருப்பவரின் கையில் இல்லை. வேகம், நீளம், கயிற்றின் தடிமன், வளைவு எல்லாமே படகு தரப்பின் முடிவுகள். கருவி மாறினால் காயமும் மாறும் என்பதற்கு மருத்துவச் சான்றும் உண்டு. 2001 முதல் 2003 வரை அமெரிக்க அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வில், நீர்ச்சறுக்குக் காயங்களில் தலைக்காயம் 4 சதவீதம் அளவில் இருந்தது. இரு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொள்ளும் வேக்போர்டில் அது ஏறக்குறைய 29 சதவீதம். ஒரே படகு, ஒரே கயிறு, ஒரே ஏரி. காலில் என்ன மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து உடலில் அடிபடும் இடமே மாறிவிடுகிறது. இதையெல்லாம் விடுமுறைக்கு வந்து ஏறுபவர் தானே அறிந்திருக்க வேண்டும் என்பது நியாயமா?

எச்சரிக்கை வாசகத்தை ஒட்டிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணத்தின் கதியை 2006-இல் பார்த்தோம். வீகோ கைட் டியூப் என்று ஒரு பொருள் சந்தைக்கு வந்தது. 10 அடி விட்டமுள்ள மஞ்சள் டியூப். படகு வேகமெடுத்ததும் காற்றில் பட்டம்போல் மேலெழும்பும், ஏறியவரையும் தூக்கிக்கொண்டு. விழத் தயாராக இருக்கும் உயரத்துக்கு மேலே பறக்காதே என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையும் அதனுடன் வந்தது. அந்த உயரத்தை யார் தீர்மானிப்பது? படகின் வேகமும் திடீர்க் காற்றும். டியூபின்மேல் படுத்திருப்பவருக்கு அதில் பங்கே இல்லை. ஆனாலும் எச்சரிக்கை அவரைப் பார்த்துப் பேசியது. விற்பனைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2006 ஜூலையில், அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோடு சேர்ந்து தயாரிப்பாளர் அதைத் திரும்பப் பெற்றார். சுமார் 19,000 டியூப்கள். 39 காயச் சம்பவங்கள், கழுத்து முறிவு, நுரையீரலில் ஓட்டை, இரண்டு மரணங்கள் பதிவாகியிருந்தன. கவனமாக ஓட்டியிருந்தால் நடந்திருக்காது என்று இதற்கும் சொல்லலாம். ஆனால் சாதாரண மனிதர் சாதாரணக் கவனத்தோடு ஆள முடியாத பொருளை விற்றுவிட்டு, ஆளத் தவறியதற்கு அவரையே குற்றம் சொல்வது கொடுமை.

கண்ணுக்கே தெரியாத ஆபத்தும் ஒன்று உண்டு. படகின் பின்புறப் படியைப் பிடித்துக்கொண்டு, கயிறே இல்லாமல், எஞ்சின் எழுப்பும் அலையில் மிதந்துவருவது ஒரு காலத்தில் இளைஞர்களிடையே பரவியது. படியின் மரத்தை வைத்துத் தேக்கு சர்ஃபிங் என்று அதற்குப் பெயர். எஞ்சினின் புகைவாய் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் ஏறியவர் மயங்கிச் சத்தமில்லாமல் நீருக்குள் போய்விடுவார். பார்ப்பவர்கள் நீந்தத் தெரியாமல் மூழ்கினார் என்று முடிவுகட்டிவிடுவார்கள். 2000-ஆம் ஆண்டு யூட்டா-அரிசோனா எல்லையிலுள்ள பவல் ஏரியில், நின்றிருந்த ஒரு வீட்டுப்படகின் பின்புறம் இரண்டு சிறுவர்கள் இந்த நச்சுக்காற்றால் இறந்த பிறகு மத்திய ஆய்வாளர்கள் பழைய நீர்நிலை மரணங்களையும் தோண்டிப் பார்த்தார்கள். காரணம் தெரியாமல் கிடந்த பல மரணங்களுக்கு விடை கிடைத்தது. கலிஃபோர்னியா இந்த வழக்கத்தை 2005 முதல் சட்டத்தால் தடுத்தது. இறந்தவர்களில் எவரும் பொறுப்பற்றவர் அல்ல. அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. தனிமனிதப் பொறுப்பு, தனிமனிதர் அறியக்கூடிய எல்லையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் அறிந்தவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

அப்படிப் பொறுப்பேற்றதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஃபுளோரிடாவின் பாராசெய்லிங் சட்டம். படகு இழுக்க, குடையில் தொங்கி மேலே பறக்கும் இந்த விளையாட்டில் பறப்பவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கயிற்றை விடவும் முடியாது. உயிர்கள் போய், நெடுநாள் முயற்சிக்குப் பின் 2014-இல் சட்டம் வந்தது. தொடர்காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் ஓட்டக் கூடாது. வானிலையைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பறப்பவர் காற்றைப் பார்த்துத் தானே முடிவெடுத்துக்கொள்ளட்டும் என்று சட்டம் விடவில்லை. இப்படிக் கட்டுப்பாடு போட்டால் கரையோரச் சிறுதொழில் நசிந்துவிடும் என்ற கவலை எழும், அதுவும் பொய்யில்லை. ஒரு படகை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தவணை பெரிய சுமைதான். ஆனால் நாளெல்லாம் அந்தக் காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். அரைமணி நேரம் மட்டும் வந்துபோகும் பயணியிடம் அந்த அறிவை எதிர்பார்ப்பதைவிட அவரிடம் எதிர்பார்ப்பதே சரி. அந்த அறிவுக்கும் சேர்த்துத்தான் அவர் காசு வாங்குகிறார்.

அப்படியானால் ஏறுபவருக்குப் பொறுப்பே இல்லையா என்ற கேள்வி வரும். நிச்சயமாக இருக்கிறது, ஆனால் அது அவர் கைக்கு எட்டும் விஷயங்களில் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டைச் சரியான அளவில் போட்டு, பட்டைகளை இறுக்குவது அவர் வேலை. 2022-இல் அமெரிக்கக் கடலோரக் காவற்படை பதிவுசெய்த பொழுதுபோக்குப் படகு மரணங்கள் 636. காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பேர் மூழ்கி இறந்தவர்கள், மூழ்கியவர்களில் 85 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள். குடித்துவிட்டு ஏறாமல் இருப்பது அவர் வேலை. உயிர்ப்பலி விபத்துகளில் முதற்காரணமாக அந்த அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்வது மதுவைத்தான். இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று கத்தாமல் இருப்பதும் அவர் வேலை. வேகத்தைக் குறை, நிறுத்து, நலமாக இருக்கிறேன் என்ற கைச்சைகைகளைப் புறப்படும் முன்பே ஓட்டுநரோடு பேசிவைப்பது, பிடிக்காதபோது கைப்பிடியை விட்டுவிடுவது, எஞ்சின் முழுதாக நின்று ப்ரொப்பெல்லர் சுழல்வது ஓயும்வரை படகை நெருங்காமல் இருப்பது, இவையும் அவருடையவை. ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இவற்றை அவருக்காகச் செய்துதர முடியாது. இவற்றைச் செய்யாதவர் தன் காயத்துக்கு ஒரு பங்கு பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

இந்த வரலாறு நமக்குத் தொலைவில் நடந்ததல்ல. கோவா கடற்கரைகள், மகாராஷ்டிரத்தின் மால்வன், இலங்கையின் பெந்தோட்டை ஆறு என்று தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்குப் போகும் இடங்களில் பனானா போட் என்ற நீண்ட காற்றடைத்த மிதவையும் டியூபும் காத்திருக்கின்றன. நடுவழியில் வேண்டுமென்றே கவிழ்த்து எல்லாரையும் நீரில் தள்ளுவது பல இடங்களில் சவாரியின் சிறப்பம்சமாகவே விற்கப்படுகிறது. கோவாவில் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் விசைப்படகு ஓட்டவும் உயிர் காக்கவும் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்குகிறது. ஓட்டுநரிடம் அப்படியொரு சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது, கேளுங்கள். பின்னால் பார்க்க இரண்டாவது ஆள் படகில் இருக்கிறாரா என்று பாருங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவு ஜாக்கெட் தருகிறார்களா, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அது காதுவரை ஏறிவிடுகிறதா என்று சோதியுங்கள். கவிழ்க்க வேண்டாம் என்று நினைத்தால் புறப்படும் முன்பே தெளிவாகச் சொல்லுங்கள்; நீந்தத் தெரியாதவர் ஒருவர் உங்களோடு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கேட்டதற்குப் பதில் சிரிப்பாக வந்தால், அல்லது பின்னிருக்கை காலியாக இருந்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும், அந்தப் படகின் பின்னால் ஏறாதீர்கள்.